முப்பது வயதில் பல்கலைக்கழகம்: ஊவாத் தோட்டங்களிலிருந்து எந்த வாசலால் போவது?

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில்தான் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் உருவாக்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அந்த வீதியால் போகும் பஸ்ஸில் பதினைந்து வருடம் கொழுந்து நிறுத்தவர் இருப்பார். தொழிற்சாலையில் இலை வாட்டி, இரவு வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புபவரும் இருப்பார். தேயிலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததற்கு அந்த வாசலில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அங்கே கேட்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை மட்டும்தான்.

இங்கிலாந்தில் 21 வயதைத் தாண்டிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவரை 'முதிர்ந்த மாணவர்' என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். ஒக்ஸ்போர்டில் ஹரிஸ் மான்செஸ்டர் என்றொரு கல்லூரி அப்படிப்பட்டவர்களை மட்டுமே சேர்க்கிறது. பாடசாலையைப் பாதியில் விட்டவர்களுக்கு இங்கிலாந்தில் தனியான ஆயத்தப் படிப்பும் இருக்கிறது. வேலை அனுபவத்தை எழுதிக் காட்டவும் நேர்முகத்தில் பேசவும் இடம் தருகிறார்கள்.

நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களின் முழுநேர அனுமதியில் அப்படியொரு தனி வரிசை இல்லை. அதனால் 'எனக்கு முப்பது வயதாகிவிட்டது, இனி என்னை எடுப்பார்களா?' என்று கேட்பதில் பயனில்லை. 'என் கையில் இருக்கும் சான்றிதழுக்கு எந்த வாசல் திறக்கும்?' என்று கேட்க வேண்டும். வாசல்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாருக்குப் பொருந்தும், எங்கே சிக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கையிருப்பு

பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். நீங்கள் பின்வரும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பீர்கள்.

ஒன்று, உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி. ஆனால் புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இரண்டு, சாதாரண தரம் மட்டும் உண்டு. அல்லது உயர்தரம் எழுதி ஒன்றிரண்டு பாடம் தவறிவிட்டது. மூன்று, சாதாரண தரமும் முழுமையில்லை, ஆனால் கைத்தொழில் தெரியும்.

இங்கே 'ஒரே தடவையில்' என்ற சொல் முக்கியம். ஒரு வருடத்தில் இரண்டு பாடமும் மறு வருடத்தில் மீதி ஒன்றும் சித்தியடைந்தால், வேலை விண்ணப்பத்தில் 'மூன்று பாடம்' என்று எழுதிக்கொள்ளலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு அது போதாது. மூன்று பாடமும் ஒரே பரீட்சையில் குறைந்தது 'எஸ்' ஆவது இருக்க வேண்டும். அத்துடன் பொதுச் சாதாரண வினாத்தாளில் நூற்றுக்கு 30 எடுத்திருக்க வேண்டும். அந்த வினாத்தாள் இசட் புள்ளியில் சேராது என்பதால் பலர் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. முப்பது இல்லாவிட்டால் மற்ற மூன்று பாடங்களின் உழைப்பும் வீணாகும்.

முதல் வாசல்: மறுபடியும் உயர்தரம்

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், ஊவா வெல்லஸ்ஸ என்று எந்த அரச பல்கலைக்கழகத்துக்கும் உள்வாரி மாணவராகப் போகப் பொது வழி உயர்தரப் பரீட்சைதான். பாடசாலையை விட்டு எத்தனை வருடமானாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அடுத்தடுத்து மூன்று தடவையும் எழுதி முடித்தவருக்கு இந்த வாசல் மூடிவிட்டது. இரண்டு தடவையோடு விட்டவருக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. 'எத்தனை தரம் எழுதினேன்' என்பதை நினைவை நம்பிச் சொல்லாமல் பெறுபேற்றுத் தாள்களைப் பார்த்தே எண்ணுங்கள்.

இனி, எல்லோரும் சொல்லும், சிலரே விளக்கும் இசட் புள்ளி. பௌதிகவியலில் 60 எடுப்பதும் இந்து நாகரிகத்தில் 60 எடுப்பதும் ஒன்றல்ல. வினாத்தாள்களின் கடினம் வேறு, எழுதுபவர்களும் வேறு. அதனால் மூலப் புள்ளியை அப்படியே கூட்டுவதை விட்டுவிட்டு, 2001ஆம் ஆண்டளவில் இந்த முறையைக் கொண்டு வந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் இதை முன்மொழிந்தவர்.

கணக்கு எளிது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15, உங்கள் புள்ளி 60 என்று வையுங்கள். 60இலிருந்து 45 போக 15. அதை 15ஆல் வகுத்தால் 1.0. இரண்டாவது பாடத்தில் சராசரி 50, விலகல் 10, நீங்கள் 65 என்றால் 1.5. மூன்றாவதில் சராசரி 40, விலகல் 20, நீங்கள் 50 என்றால் 0.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.0. அதுதான் உங்கள் இசட் புள்ளி.

சராசரியைவிட எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதையே இது அளக்கிறது. எல்லோரும் நன்றாக எழுதும் பாடத்தில் நீங்களும் நன்றாக எழுதினால் லாபம் குறைவு. 'இலகுவான பாடம்' என்று யாராவது சொன்னதற்காக ஒரு பாடத்தை எடுக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த, ஆசிரியரும் புத்தகமும் கிடைக்கிற பாடம்தான் உங்களைச் சராசரிக்கு மேலே தூக்கும்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் மூன்று பங்காகப் பிரிகின்றன. 40 வீதம் அகில இலங்கைத் தகுதி வரிசைக்கு. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பதுளை, மொனராகலை இரண்டும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆகவே ஊவாவிலிருந்து போகும் ஒருவருக்குத் தேவைப்படும் வெட்டுப்புள்ளி பல கற்கைகளில் கொழும்புக்காரருக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் மாவட்டப் பங்கே இல்லாமல் அகில இலங்கை வரிசையில் மட்டும் நிரப்பப்படும் கற்கைகளும் உண்டு. உங்கள் பெயர் எந்த மாவட்டத்தின் கீழ் வரும் என்பதற்கும் தனி விதி இருக்கிறது. இரண்டுக்கும் விடை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைநூலில் இருக்கிறது. பழைய வருடக் கைநூலை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

போட்டி எவ்வளவு என்று தெரிந்திருப்பதும் நல்லது. அண்மை ஆண்டுகளில் அனுமதிக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. எதிரே உட்கார்ந்து எழுதுபவர் நாள் முழுக்கப் படிப்பையே வேலையாகக் கொண்ட பதினெட்டு வயதுப் பிள்ளை. நீங்கள் பெரட்டுக்குப் போய், வேலை முடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பின்புதான் புத்தகத்தைத் திறக்க முடியும். முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வருடமாவது நேரத்தை ஒதுக்க முடிந்தவருக்கும், ஒரு தடவை மிச்சமிருப்பவருக்கும், படித்து முடிக்கும்வரை நாலு வருடம் வீட்டைவிட்டு இருக்கக்கூடியவருக்கும்தான் இந்த வாசல் பொருந்தும். மற்றவர்கள் இதன் முன்னால் காத்து நின்று வருடங்களை இழக்கத் தேவையில்லை.

இரண்டாம் வாசல்: திறந்த பல்கலைக்கழகம்

பிரிட்டன் 1969இல் திறந்த பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, முன்தகைமை கேட்காமல் வளர்ந்தவர்களைச் சேர்ப்பது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. இலங்கையில் அது 1980இல் வந்தது. தலைமையகம் நாவலயில் இருக்கிறது, பதுளையிலும் நிலையம் உண்டு. இது தனியார் நிறுவனம் என்று தோட்டப் பக்கத்தில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வரும் அரச பல்கலைக்கழகம் இது. பட்டம் மற்ற அரச பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமம்.

இங்கே வயது பதினெட்டைத் தாண்டியிருந்தால் போதும். மேல் எல்லை இல்லை. இசட் புள்ளியும் இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியானவர், அது எத்தனை வருடப் பழையதானாலும், அந்தந்தக் கற்கை கேட்கும் தகைமை இருந்தால் நேரே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

உயர்தரம் இல்லாதவருக்கு அடிப்படைக் கற்கைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்து முடித்தால் திறந்த பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பின் முதல் படியில் கால் வைக்கலாம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, கலியாணம் முடித்து, முப்பத்தைந்து வயதில் திரும்பி வருகிற ஒரு பெண்ணுக்கு நாட்டில் இதைவிட நேரான பாதை கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த அடிப்படைக் கற்கை திறந்த பல்கலைக்கழகத்துக்குள் மேலே ஏறுவதற்கான படி. அரச வேலை ஒன்றுக்கு அது உயர்தரத்துக்கு ஈடாகுமா என்பதை அந்த வேலைக்கான வர்த்தமானியில்தான் பார்க்க வேண்டும்.

படிப்பு எப்படி நடக்கும்? பாடநூல்களைப் பல்கலைக்கழகமே எழுதித் தருகிறது. வீட்டிலிருந்து படிக்கலாம். குறித்த நாட்களில் வகுப்புகள் இருக்கும். ஒப்படைகளும் இடைப் பரீட்சைகளும் வருடம் முழுதும் நடக்கும். அவற்றில் தேவையான புள்ளியை எடுத்தவர் மட்டுமே இறுதிப் பரீட்சைக்கு உட்காரலாம். பலர் வழுக்குவது இங்கேதான். 'வீட்டிலிருந்து படிப்பது' என்றால் கடைசி மாதத்தில் படித்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒப்படைத் திகதி தவறினால் அந்தப் பாடத்தை மறு வருடம் மீண்டும் பதிய வேண்டி வரும்.

வேலை செய்பவருக்கு ஒரு வசதியும் உண்டு. வருடத்துக்கு எத்தனை பாடம் பதிவது என்பதை உங்கள் நேரத்துக்கும் பணத்துக்கும் ஏற்றபடி ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். பட்டம் முடிய வருடங்கள் கூடும், ஆனால் இடையில் விட்டுவிட மாட்டீர்கள். முதல் வருடத்தில் குறைவாகப் பதிந்து பழகுவது புத்திசாலித்தனம்.

'திறந்த' என்பதால் எல்லாக் கற்கையும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சட்டமாணிப் பட்டத்துக்குத் தெரிவுப் பரீட்சை உண்டு, போட்டியும் கடுமை. தாதியர் பட்டம் ஏற்கெனவே தாதியாகப் பதிவு பெற்றவர்களுக்கு. மொழியும் கற்கைக்குக் கற்கை மாறும். முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் போன்றவை தமிழில் உண்டு. விஞ்ஞானம், பொறியியல் போன்றவை ஆங்கிலத்தில். பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முன்பள்ளிச் சான்றிதழ் நல்ல தொடக்கம். செய்கிற வேலையே படிக்கிற பாடமாகவும் இருப்பதால் ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும்.

மூன்றாம் வாசல்: வெளிவாரிப் பட்டம்

பேராதனை, களனி, யாழ்ப்பாணம், கிழக்கு முதலான பல்கலைக்கழகங்கள், வெளியிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிப் பெறும் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகின்றன. இலங்கைக்கு இது புதிதல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலிருந்தே இப்படிப் பட்டம் கொடுத்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களும் முதலில் லண்டனின் வெளிவாரிப் பரீட்சைகளைத்தான் எழுதினார்கள்.

மலையகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டதாரியான ஆசிரியர்கள் பலர் வெளிவாரிக் கலைமாணி வழியாக வந்தவர்கள். இதற்கு உயர்தரத்தில் மூன்று சித்தி வேண்டும். இசட் புள்ளிப் போட்டி இல்லை. சில பல்கலைக்கழகங்கள் பதிவுக்கு முன் ஒரு பரீட்சை வைக்கும். தமிழ் மொழிமூலம் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடங்களுக்கு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் துணை. அங்கே பாடநூலும் ஒப்படையும் உங்களை இழுத்துக்கொண்டே போகும். இங்கே பாடத்திட்டத்தையும் பரீட்சைத் திகதியையும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நீங்களே நடக்க வேண்டும். அதனால் பண்டாரவளையிலோ பதுளையிலோ டியூஷன் தேடிப் போவார்கள். டியூஷனுக்கு ஆகும் செலவையும் பட்டத்தின் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதே பாடத்தைப் பதிந்த மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படித்தால் கரையேறுவது எளிது. தனியாகப் பதிந்து தனியாகப் படிக்கிறவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் காணாமல் போகிறார்கள்.

நான்காம் வாசல்: கைத்தொழிலிலிருந்து பட்டம்வரை

தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவர், மின் வேலை தெரிந்தவர், கொழும்பில் மேசன் வேலையோ தச்சு வேலையோ பார்த்துத் திரும்பியவர். இவர்களிடம் சான்றிதழ் இருக்காது, தொழில் இருக்கும். முதல் மூன்று வாசல்களும் அந்தத் தொழிலை எண்ணவில்லை. இந்த வாசல் எண்ணுகிறது.

என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாம் மட்டம் பட்டம். வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் இதில் உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று அதற்குப் பெயர். நைட்டா போன்ற அரச நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டினால், தொழிலுக்கேற்ற மட்டத்தில் சான்றிதழ் கிடைக்கும்.

அதன் பிறகு ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா. பதுளையில் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து மேலே போக விரும்பினால், இரத்மலானையில் வாழ்க்கைத்தொழில் தொழினுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொழில் தகைமை பெற்றவர்கள் பட்டம் வரை ஏற வேண்டும் என்பதற்காகவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச பல்கலைக்கழகம் அது. 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் இந்தத் தொழில் ஏணியையும் பல்கலைக்கழக ஏணியையும் ஒரே அளவுகோலில் வைத்தது. ஐந்தாம் மட்டத் தொழில் தகைமை எந்தப் பல்கலைக்கழகப் படிக்குச் சமம் என்று இப்போது அட்டவணை பார்த்துச் சொல்லலாம்.

இந்த வழி நீளமானது, இரத்மலானை பதுளையிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனால் ஒவ்வொரு மட்டமும் தனியாகவே பயன் தரும். நாலாம் மட்டத்தோடு நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், சம்பளம் பேசவும் உதவும். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவருக்குப் பெரும்பாலும் அப்படி ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வயது போன பின் படித்தவர்கள் நம்மிடையே புதிதல்ல

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தில், தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதுவரை பெரும்பாலும் ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். அதனால் மலையகத்தில் படிப்பு பலருக்குக் காலந்தாழ்த்தியே வந்தது.

அண்மைய உதாரணம் ஆசிரியர் உதவியாளர்கள். 2015ஆம் ஆண்டளவில் உயர்தரம் படித்த மலையக இளைஞர் யுவதிகள் சுமார் 3,000 பேர் தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு இந்தப் பெயரில் நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா, பிறகு 10,000. ஆசிரியர் சேவைக்குள் எடுக்கப்பட வேண்டுமானால் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாடசாலையில் கற்பித்துக்கொண்டே இன்னொரு பக்கம் தாமும் மாணவராக இருக்க வேண்டிய நிலை. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த நாட்சம்பளத்தை இழக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். வேலையும் படிப்பும் ஒன்றாக முடியாது என்று சொல்பவர்களுக்கு அவர்களே பதில்.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் சேவையிலுள்ள ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பட்டம் நடத்துகிறது. ஆசிரியர் சேவையில் இருப்பவர்கள் வேறு வாசலைத் தட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பம் சிக்குவது பெயரில்

புள்ளி இருந்தும், பணம் இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவதுண்டு. தோட்டப்புறத்தில் அதற்கு முதல் காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. சிங்களத்தில் எழுதித் தமிழுக்கு மாறும்போது 'லெட்சுமி' என்பது 'லக்ஷ்மி' ஆகும். தந்தையின் பெயர் முன்னும் பின்னுமாக மாறும். பதினெட்டு வயதில் பாடசாலை அதிபர் பார்த்துக்கொண்ட இந்த வேலையை முப்பது வயதில் நீங்களே பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ் நான்கையும் மேசையில் அடுக்கி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சிறிய வித்தியாசமென்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பெரிய வித்தியாசமென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படாதவர் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போக வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்பம் கோரிய பிறகு தொடங்கினால் கடைசித் திகதி போய்விடும். பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபிரதி எடுக்கலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் தெரிந்தால் வேலை சுலபம்.

எடுத்த ஆவணங்களை லயத்து அறையில் எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களோடு எல்லாவற்றையும் மூடியதை நாம் மறக்கவில்லை. 2024இலும் 2025இலும் நவம்பர் மாத வெள்ளமும் மண்சரிவும் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தின. மூலப் பிரதிகளை நீர்புகாத உறையில் போடுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

நேரமும் பணமும்

கட்டணங்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. ஆகவே தொகையை இங்கே எழுதுவதைவிட, எந்தச் செலவுகளைக் கேட்டறிய வேண்டும் என்று சொல்வதே பயன். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், பாடக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் நான்கும் தனித்தனி. அவற்றோடு போக்குவரத்து, போன் டேட்டா, வகுப்புக்குப் போகும் நாளில் இழக்கும் சம்பளம். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. மாதம் இரண்டு வேலைநாள் வகுப்புக்குப் போனால் வருடத்துக்கு 24 நாள், அந்தச் சம்பளப்படி 32,400 ரூபா. அதனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உள்ள நிலையத்தையும் கற்கையையும் முதலில் தேடுங்கள்.

நேரத்துக்குத் தோட்டத்து நாட்காட்டியைப் பாருங்கள். எந்த மாதங்களில் கொழுந்து மிகுந்து மேலதிக வேலை வரும், எந்த மாதங்களில் குறையும் என்பது உங்கள் தோட்டத்தில் உங்களுக்குத்தான் தெரியும். ஒப்படைகளையும் பரீட்சைகளையும் அந்த மாதங்களோடு பொருத்திப் பார்த்து, வேலை நெருக்கும் காலத்துக்கு முன்பே எழுதி முடிக்கத் திட்டமிடுங்கள். மழைக் காலத்தில் லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வர வீதி அடைபடலாம். பரீட்சைக்கு முதல் நாளே டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

எந்த வாசல் உங்களுக்கு?

உயர்தரத்தில் ஒரு தடவை மிச்சமிருந்து, வயதும் குடும்ப நிலையும் இடம் கொடுத்தால் முதல் வாசலைத் தட்டுங்கள். ஒரே தடவை மட்டும். உயர்தரம் கையிலிருந்து, தனியாகப் படிக்கும் பழக்கமும் இருந்தால் வெளிவாரி. கைத்தொழில்தான் பலமென்றால் என்.வி.கியூ. இவை எதிலும் அடங்காத மற்ற எல்லோருக்கும், குறிப்பாகச் சாதாரண தரத்தோடு நின்றுபோன பெண்களுக்கு, திறந்த பல்கலைக்கழகம். ஊவாத் தோட்டங்களில் முப்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வரிசையில்தான் வருவார்கள் என்பது என் கணிப்பு. கிடைக்காத இசட் புள்ளியை நினைத்து அவர்கள் கழித்த வருடங்களில் பலர் ஒரு பட்டத்தையே முடித்திருக்கலாம்.

விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு ஆவணங்களையும் எடுத்துப் பெயரை ஒப்பிடுங்கள். அடுத்து ஒரு வேலைநாளில் பதுளைக்கு வரும்போது திறந்த பல்கலைக்கழக நிலையத்தில் ஏறி, உங்கள் சான்றிதழைக் காட்டி, 'இதை வைத்து எனக்கு எதைப் பதியலாம்?' என்று கேளுங்கள். வயதைப் பற்றி அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. பதினெட்டு தாண்டியிருந்தால் போதும்.